சார் வரலையா மேடம்?

திண்டுக்கல்லில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் நான் ஆசிரியை. கணவர் கத்தாரில். வீட்டில் மாமா, அத்தை, இரண்டு பிள்ளைகள், லீவு விட்டால் வந்துவிடும் நாத்தனார் குடும்பம். பத்து வருடத்துக்கு மேல் ஓடிய ஸ்விஃப்டில் எல்லோரும் நெருக்கியடித்துக்கொண்டு பழனிக்குப் போய்வந்தோம். மாமா காலை மடக்கவும் முடியாமல் நீட்டவும் முடியாமல் பட்ட பாட்டைப் பார்த்த அன்றைக்குத்தான் ஏழு பேர் உட்காரும் எஸ்யூவி ஒன்று வாங்கிவிடுவது என்று முடிவானது. கணவருக்கு லீவு இல்லை. "நீயே பார்த்து முடிச்சிரு" என்று சொல்லிவிட்டார். கத்தரிக்காய்க்கே ஒழுங்காகப் பேரம் பேசத் தெரியாத நான் இருபது லட்ச ரூபாய்ச் சமாச்சாரத்துக்குப் பேரம் பேசக் கிளம்பினேன். 2025 அக்டோபரில் தொடங்கியது டிசம்பர் 30-ல் முடிந்தது. 5,000 ரூபாய் போனது, ஏழெட்டு சனிக்கிழமைகள் போயின, தூக்கமும் கொஞ்சம் போனது. கண்ணை மூடிக்கொண்டு முதல் கொட்டேஷனுக்கே தலையாட்டியிருந்தால் போயிருக்கக்கூடியது ஒன்றரை லட்சம். எந்த கம்பெனி, எந்த ஷோரூம் என்று எழுதப்போவதில்லை. மூன்று ஊரில் ஏறி இறங்கினேன், மூன்றிலும் கொஞ்சம் முன்னே பின்னே ஒரே கதைதான்.

முதல் தப்பு, போன நேரம். செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி குறைந்திருந்தது. பெரிய எஸ்யூவிகளுக்கு செஸ் என்ற கூடுதல் வரியோடு சேர்த்து 50 சதவீதமாக இருந்த வரி, செஸ் நீங்கி 40 சதவீதமாகிவிட்டது. நான் பார்த்த வண்டியின் எக்ஸ் ஷோரூம் விலை, அதாவது சாலை வரியும் இன்சூரன்ஸும் சேராத விலை, 18,40,000 ரூபாய். பழைய வரிக்கணக்கில் அதே வண்டி 19,70,000 சொச்சம் வந்திருக்கும். ஆயுத பூஜை வேறு. ஷோரூமில் உட்கார இடமில்லை, ஒரு பக்கம் பூசணிக்காய் உடைக்கிறார்கள், இன்னொரு பக்கம் மாலை போட்ட வண்டிக்கு முன்னால் குடும்பமாக நின்று போட்டோ எடுக்கிறார்கள். "எவ்வளவு தள்ளுபடி தம்பி?" என்று கேட்டதற்கு, "அக்கா, ஜிஎஸ்டியிலயே ஒன்னேகால் லட்சம் குறைஞ்சிருக்கு, அதைவிட என்ன ஆஃபர் வேணும்?" என்றான் அந்தப் பையன். நானும் சரிதானே என்று தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் உறைத்தது. அது அரசாங்கம் குறைத்த வரி, யாரிடம் வாங்கினாலும் குறையும். ஷோரூம் தன் பையிலிருந்து ஒரு ரூபாயும் எடுத்து வைக்கவில்லை. அதையே தன் ஆஃபர் போல மஞ்சள் தாளில் அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். கூட்டம் அலைமோதும் பண்டிகை வாரத்தில் வண்டிக்காரரிடம் பேரம் பேசுவது, முகூர்த்தத்துக்கு முதல் நாள் நிலக்கோட்டையில் போய் மல்லிகைப்பூவுக்கு விலை பேசுவது மாதிரி.

அன்றைக்கு எனக்கு இன்னொன்றும் நடந்தது. உள்ளே நுழைந்ததிலிருந்து நாற்காலி போட்டவர், காபி கொடுத்தவர், டீம் லீடர் என்று மூன்று பேர் கேட்ட முதல் கேள்வி, "சார் வரலையா மேடம்?" இன்ஜின் பற்றிக் கேட்டால் நிறம் பற்றிப் பதில் வருகிறது. டெஸ்ட் டிரைவுக்குச் சாவி கேட்டால், "நாங்க ஓட்டிக் காட்டுறோம், நீங்க உட்கார்ந்து பாருங்க" என்கிறார்கள். பதினைந்து வருடமாக வண்டி ஓட்டுகிறவள் நான். முகம் சுருங்கிப்போய்த் திரும்பினேன். இந்தக் கேள்வியே பின்னால் எனக்குக் கை கொடுக்கும் என்று அப்போது தெரியாது.

கொட்டேஷன் என்று ஒரு தாள் தந்தார்கள். அதில் எக்ஸ் ஷோரூம் விலை ஒன்று, கடைசியில் எல்லாம் சேர்த்த ஆன் ரோடு விலை 23,73,700 ஒன்று, நடுவில் "மற்றவை" என்று ஒரே வரி. கீழே பேனாவில் "ஸ்பெஷல் டிஸ்கவுன்ட் 25,000". அந்த ஒற்றை வரியைப் பிரித்து எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வாங்குவதற்கு எனக்கு இரண்டு நாள் ஆனது. தயவுசெய்து நீங்கள் முதல் நாளே கேளுங்கள், வாயால் சொல்வதோ தாளில் கிறுக்குவதோ வேண்டாம், அச்சடித்த தாளாகவே கேளுங்கள். பிரித்தபோது வந்தது இது: ஆயுள் வரி (ஒரே தடவையில் கட்டும் சாலை வரி) 3,31,200. இன்சூரன்ஸ் 92,000. டிசிஎஸ் 18,400. ஆர்டிஓ செலவு 12,000. லாஜிஸ்டிக்ஸ் அண்ட் ஹேண்ட்லிங் 9,500. 'எசென்ஷியல் கிட்' 38,000. எக்ஸ்டெண்டட் வாரண்டி 32,000. ஃபாஸ்டேக் 600.

இதில் எது அசையும், எது அசையாது என்று தெரிந்துகொண்டதுதான் என் மூன்று மாதப் படிப்பு. ஆயுள் வரி அசையாது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் வரியை மாற்றியதிலிருந்து 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையிலான காருக்கு 18 சதவீதம், 20 லட்சத்தைத் தாண்டினால் 20 சதவீதம். டிசிஎஸ் என்பது 10 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிக்குப் பிடிக்கும் 1 சதவீதம். அது செலவே இல்லை, நம் பான் எண்ணில் வரவாகி, வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், திரும்பியும் வாங்கலாம். அதனால் பில் யார் பெயரில், எந்த பான் எண்ணில் போடுகிறார்கள் என்று கவனியுங்கள். ஆர்டிஓ செலவு 12,000 என்றார்களே, காருக்குப் பதிவுக் கட்டணம் 600 ரூபாய், லோன் இருந்தால் அதைப் பதிய 1,500, ஸ்மார்ட் கார்டுக்கு 200, அப்புறம் சில சில்லறைக் கட்டணங்கள். மீதி யாருக்கு என்று நான் கேட்டதும் டீம் லீடர் சிரித்தார், பதில் சொல்லவில்லை. நம்பர் பிளேட்டுக்குத் தனியாகக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். 2019 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் வண்டி விலையிலேயே அடக்கம். ஹேண்ட்லிங் என்பது வண்டியை யார்டிலிருந்து ஷோரூமுக்குக் கொண்டுவந்ததற்காம். கடையில் புடவை வாங்கினால் அலமாரியிலிருந்து எடுத்துப் போட்டதற்குக் கூலி கேட்பார்களா? எசென்ஷியல் கிட் என்றால் மேட், மட் ஃப்ளாப், கதவில் ஒட்டும் பீடிங், ஒரு குடை, ஒரு பெர்ஃப்யூம். குடை எப்போது எசென்ஷியல் ஆனது என்று இன்றுவரை தெரியவில்லை.

நடுவில் மேல் வேரியன்ட் ஒன்றைத் தலையில் கட்டப் பார்த்தார்கள். "ஒன்னே முக்கால் லட்சம்தான் அக்கா வித்தியாசம், கண்ணாடிக் கூரை வருது." எக்ஸ் ஷோரூம் 20,15,000. வித்தியாசம் 1,75,000 என்று அவன் சொன்னது சரிதான். ஆனால் 20 லட்சக் கோட்டைத் தாண்டியதும் முழு விலைக்கும் 20 சதவீதம் வரி, அதாவது 4,03,000. வரியில் மட்டும் 71,800 கூடுகிறது. ஆக கண்ணாடிக் கூரையின் விலை இரண்டரை லட்சத்துக்குப் பக்கம். வானம் பார்க்க மொட்டை மாடி போதும் என்று விட்டுவிட்டேன். நீங்கள் பார்க்கும் வண்டி 20 லட்சத்தின் ஓரத்தில் நின்றால் கால்குலேட்டரைக் கையில் வைத்துக்கொண்டே பேசுங்கள்.

அடுத்தது நான் பட்ட அடி. தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு அதே ஷோரூமிலிருந்து போன். "அக்கா, உங்க கலர்ல ஒரே ஒரு வண்டிதான் இருக்கு. இன்னிக்கு புக் பண்ணலைன்னா மதுரைக்காரங்க எடுத்துருவாங்க." பதறிப்போய் 21,000 கட்டினேன். ரசீதைப் படித்தேனா? இல்லை. அதன் பின்பக்கம் பொடி எழுத்தில், ரத்து செய்தால் 5,000 பிடித்தம் என்று இருந்தது. அந்த ஒரே ஒரு வண்டி தீபாவளிக்கு வரவில்லை, நவம்பர் பத்து வரைக்கும் வரவில்லை. நான் போன் செய்தால் "அலாட்மென்ட் ஆயிடுச்சு, டிரான்சிட்ல இருக்கு" என்பார்கள். நடுவில் ஒரு நாள், வண்டி வந்துவிட்டது, கலர் மட்டும் வேறு என்றார்கள். ரத்து செய்யச் சொல்லி எழுதிக் கொடுத்த பிறகு மீதி 16,000 என் கணக்கில் ஏற 38 நாள் ஆனது. அதற்காக நான் செய்த போன் கால்களை எண்ணினால் வெட்கமாக இருக்கும். ஒரு நாள் பள்ளிக்கூட ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து அழுதேவிட்டேன். 5,000 ரூபாய்க்காக அழவில்லை. ஏமாந்தவள் என்று கணவரிடம் சொல்ல வேண்டியிருக்கிறதே என்றுதான். ஒரே ஆறுதல், பணத்தைக் கம்பெனிக் கணக்கில் கட்டியிருந்தேன். அந்தப் பையன் தன் சொந்த நம்பருக்குத்தான் ஜிபேயில் போடச் சொன்னான், ஏதோ நல்ல நேரம், போடவில்லை.

இதையெல்லாம் அத்தையிடம் சொன்னேன். அத்தை ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். கேட்டுவிட்டு, "நீ உட்கார்ந்தே பேசினா எவன் குறைப்பான்? செருப்பை மாட்டிட்டு வாசல் இறங்கணும்டி" என்றார். எனக்கு அது எங்கேயோ தைத்தது. இரண்டு மாதமாக நான் இறங்கிப் போகவே முடியாதவள் மாதிரிதான் பேசியிருக்கிறேன். ஒரே ஷோரூம், ஒரே நிறம், தீபாவளிக்குள் வேண்டும் என்ற அவசரம். எல்லாம் அவர்களுக்குத் தெரியும், ஏனென்றால் நானே சொல்லியிருந்தேன்.

அப்புறம் மதுரை, திருச்சி இரண்டு ஊரிலும் அதே வேரியன்டுக்குக் கொட்டேஷன் வாங்கினேன். தமிழ்நாட்டுக்குள் எந்த ஊரில் வாங்கினாலும் நம் முகவரிக்குரிய ஆர்டிஓவிலேயே பதிவு செய்துகொள்ளலாம், சர்வீஸும் உள்ளூரிலேயே விட்டுக்கொள்ளலாம். இது தெரியாமல் இருந்ததே எனக்குப் பெரிய தடையாக இருந்தது. நிறத்தையும் தளர்த்திக்கொண்டேன். வெள்ளையோ சாம்பலோ, எது இருந்தாலும் சரி.

இன்சூரன்ஸ் பக்கம் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், என் பணம் மிச்சமானதில் நல்ல பங்கு அங்கேதான். புதுக் காருக்கு மூன்று வருட மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். அதன் தொகை எல்லா கம்பெனியிலும் ஒன்றுதான், 1500 சிசிக்கு மேற்பட்ட காருக்கு 24,596 ரூபாயும் ஜிஎஸ்டியும். வேறுபடுவது நம் வண்டிக்கான சேதக் காப்பீடு. அதில் ஷோரூம் போட்டிருந்த தொகையில் என் பழைய வண்டியின் நோ க்ளெய்ம் போனஸைச் சேர்க்கவே இல்லை. ஐந்து வருடம் தொடர்ந்து க்ளெய்ம் போடாதிருந்தால் 50 சதவீதம் வரை கழிவு உண்டு. அது வண்டிக்கு உரியதல்ல, நமக்கு உரியது. பழைய வண்டியை விற்றுவிட்டு கம்பெனியிடம் ஒரு கடிதம் வாங்கினால் புது வண்டிக்கு மாற்றிக்கொள்ளலாம். அதே காப்பீட்டுத் தொகை, அதே ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத க்ளெய்ம்) வசதியோடு வெளியே கேட்டபோது 63,000. ஷோரூமில் சொன்னபோது, "வெளிய எடுத்தா கேஷ்லெஸ் கிடைக்காது மேடம், ஆஃபரும் கட்டாகும்" என்று பயமுறுத்தினார்கள். யாரிடம் காப்பீடு எடுப்பது என்பது வாங்குகிறவர் விருப்பம், ஷோரூம் கட்டாயப்படுத்த முடியாது. கேஷ்லெஸ், அதாவது ரிப்பேர் பில்லை நாம் கட்டாமல் காப்பீட்டு கம்பெனியே நேராகக் கட்டும் வசதி, கிடைக்குமா என்பதற்கு அந்தக் காப்பீட்டு கம்பெனியின் பட்டியலில் நம்மூர் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். இருந்தது.

லோனும் அப்படித்தான். ஷோரூமிலேயே உட்கார்ந்திருக்கும் ஃபைனான்ஸ் ஆள், "ஆறு பர்சென்ட்தான் மேடம்" என்றார். என் சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியில் 8.9 சொன்னார்கள். ஆறு எங்கே, எட்டே முக்காலுக்கு மேல் எங்கே என்று கிட்டத்தட்ட கையெழுத்தே போட்டிருப்பேன். கூடவே வேலை பார்க்கும் கணக்கு டீச்சர் தடுத்தார். அந்த ஆறு, ஃப்ளாட் வட்டி. கட்டிக்கொண்டே வந்தாலும் முழுத் தொகைக்கும் கடைசி வரை வட்டி. பத்து லட்சத்துக்கு ஐந்து வருடம் என்றால் மாதத் தவணை 21,667. வங்கியின் 8.9, குறையும் நிலுவைக்கு மட்டும். தவணை 20,710. அறுபது மாதத்தில் 57,000 ரூபாய் வித்தியாசம். சதவீதத்தைக் கேட்காதீர்கள், தவணையையும் மாதங்களையும் கேட்டுப் பெருக்கிப் பாருங்கள்.

பழைய ஸ்விஃப்டுக்கு ஷோரூமில் 2,40,000, அதோடு எக்ஸ்சேஞ்ச் போனஸ் 30,000. போனஸ் என்றதும் மனம் குளிர்ந்துவிடுகிறது. எங்கள் மெக்கானிக் மூலமாக 3,25,000-க்குப் போனது. ஆர்சியில் பெயர் மாறும்வரை விடாமல் துரத்துங்கள், நான் துரத்தினேன்.

இனி மார்கழி. நம் பக்கம் மார்கழியில் யாரும் புது வண்டி எடுப்பதில்லை. டிசம்பர் 16-ல் மார்கழி பிறந்தது. அதே சமயம் டிசம்பர் 31 தாண்டினால் யார்டில் நிற்கும் வண்டியெல்லாம் போன வருடத்து வண்டி ஆகிவிடும். ஷோரூமுக்கோ வருடக் கடைசி டார்கெட். வண்டி நிறைய, ஆள் இல்லை. அக்டோபரில் உட்கார நாற்காலி கிடைக்காத இடத்தில் டிசம்பர் 20-ம் தேதி நான் ஒருத்திதான் வாடிக்கையாளர். மதுரை ஷோரூம் அது. ஆடியிலும் இப்படித்தான் இருக்கும் என்று அங்கே ஒருவரே ஒப்புக்கொண்டார். ஆனால் மார்கழியும் வருடக் கடைசியும் ஒன்றாகச் சேர்வது மாதிரி வராது. போன வருட வண்டி என்றால் விற்கும்போது விலை குறையாதா என்பீர்கள். குறையும். இரண்டு மூன்று வருடத்தில் மாற்றுகிறவர்கள் யோசிக்க வேண்டும். நாங்கள் பத்து வருடம் ஓட்டுகிற கூட்டம்.

இந்த முறை ஒரே கேள்விதான் கேட்டேன். "எல்லாம் சேர்த்து என் கையிலிருந்து எவ்வளவு போகும்?" கம்பெனி ஆஃபர் 60,000, ஆசிரியர் அடையாள அட்டைக்கு 10,000 என்றார்கள். திருச்சித் தாளை மேஜையில் வைத்தேன். "எங்களால இதுக்கு மேல முடியாது மேடம், சார் கிட்ட வேணா நாங்க பேசட்டுமா?" என்றார் மேனேஜர். அப்போதுதான் எனக்கு அது தோன்றியது. "வேண்டாம், அவர் கோபக்காரர். திருச்சியிலயே எடுத்துடுன்னு சொல்லிட்டார். நான்தான் மதுரை பக்கமாச்சேன்னு வந்தேன்" என்றேன். என் கணவரைத் தெரிந்தவர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள், அவர் கோபப்பட்டு நானே பார்த்ததில்லை. பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். வாசலில் செருப்பை மாட்டும் வரை யாரும் கூப்பிடவில்லை, வயிற்றைக் கலக்கியது. பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. இன்னும் 25,000 குறைப்பு, ஹேண்ட்லிங் கிடையாது, ஆர்டிஓ செலவு ரசீதுப்படி 4,500, கிட் வேண்டாம், மேட்டும் மட் ஃப்ளாப்பும் மட்டும் 7,500. இன்சூரன்ஸ் என் விருப்பம். வாரண்டி 28,000. அது கம்பெனியின் வாரண்டிதானா, வேறு யாருடையதாவதா என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். மொத்தம் 21,97,250. முதல் ஷோரூமின் "ஸ்பெஷல்" விலையைவிட 1,51,450 குறைவு.

பணம் முழுவதும் கட்டும் முன், பதிவுக்கு அனுப்பும் முன், யார்டுக்குப் போய் வண்டியைப் பாருங்கள். பதிவான பிறகு அது நம் வண்டி, பேச்சு எடுபடாது. எனக்கு முதலில் காட்டியது மே மாதத் தயாரிப்பு. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும், 1825 என்றால் 2025-ன் 18-வது வாரம். அதைப் பார்த்துத்தான் சந்தேகம் வந்தது. கேட்டதும் அக்டோபர் வண்டி ஒன்றைக் காட்டினார்கள். சேஸிஸ் எண்ணைப் போட்டோ எடுத்து வைத்தேன். நல்லதாகப் போயிற்று, காப்பீட்டுத் தாளில் ஒரு இலக்கம் மாறியிருந்தது, டெலிவரிக்கு முன்பே திருத்திவிட்டேன்.

மார்கழியில் வண்டி எடுக்க அத்தை எப்படிச் சம்மதித்தார் என்று எல்லோரும் கேட்கிறார்கள். டிசம்பர் 30 வைகுண்ட ஏகாதசி. "பெருமாளே கதவைத் திறக்கிற நாளு, அதுக்கு மேல என்ன நல்ல நாளு?" என்று அவரே தேதி குறித்துக் கொடுத்துவிட்டார். மதுரையிலிருந்து நானே ஓட்டிக்கொண்டு வந்தேன். வீட்டில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாள் கோயிலுக்குப் போனோம். சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. மாமா நடு வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்து பாதி வழியிலேயே தூங்கிவிட்டார். திரும்பும்போது அத்தை பின்னாலிருந்து விலைக் கணக்கை வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தார். நானும் கொஞ்சம் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, காலடியில் கிடந்ததைக் குனிந்து தடவிப் பார்த்தார்.

"இந்த மேட்டுக்குமா காசு வாங்கினான்?"